சந்தேகம் வந்தால் அடிக்கும் மணி

றீற்றாவின் கைத்தொலைபேசி ஒலித்து நான் கேட்டதே இல்லை. எங்கள் குண்டசாலை வீட்டின் பின்னறையில் அவள் வாடகைக்கு இருந்த காலம் முழுவதும் அது மேசையில் கிடந்து வண்டு மாதிரி உறுமும், அவ்வளவுதான். எடுத்தாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். யாழ்ப்பாணத்திலிருந்து பெற்ற தாய் அழைத்தாலும் அதே கதை. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் அங்கிருந்து தமிழில் அழுவார், இவள் இங்கிருந்து "யெஸ், யெஸ், ஓகே" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்க எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் வாய் திறந்ததில்லை. அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, பஸ்களில் குண்டு வெடித்த காலம். பஸ் ஏறுமுன் நானே என் நெற்றிப் பொட்டை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் ஏறுவேன். அவளைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. மருந்துகளை இறக்குமதி செய்து மலைநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஒரு தனியார் களஞ்சியம். நான் அங்கே ஸ்டோர்ஸ் கிளாக். பெயர் இராஜகுமாரி. கண்டி டவுனில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்துப் பிழைத்த இந்திய வம்சாவளிக் குடும்பம் எங்களுடையது. றீற்றா யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண். முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை. களஞ்சியத்தின் கம்பியூட்டர்கள் எல்லாம் அவள் ஒருத்தியின் பொறுப்பு. என்னை இராஜி அக்கா என்பாள். சமையலில் உப்பு கூடினாலும் சொல்லமாட்டாள், பொலிஸில் குடியிருப்போர் பதிவுக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிற்க வைத்தாலும் முணுமுணுக்கமாட்டாள். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது என்பார்களே, அதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் போல இருப்பாள்.

காரணத்தை ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தான். ஒரு விடியற்காலைச் சோதனையில் லொட்ஜில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து நிற்க, இவன் மட்டும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாருக்குமாகப் பதில் சொன்னானாம். நன்றாகப் பேசுகிறாயே, வா, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"வாய் திறந்தவனைத்தான் கொண்டு போனவை, இராஜி அக்கா," என்றாள். வெங்காயம் நல்ல சாக்காக இருந்தது, இரண்டு பேருமே அழுதோம்.

அதனால்தான் தென்னக்கும்புர பாலத்தடியில் பஸ்ஸை மறித்து "எந்த ஊர்?" என்று ஆமிக்காரர் கேட்கும்போது அவள் "குண்டசாலை" என்று மட்டும் சொல்வாள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அச்சடித்துத்தான் இருக்கிறது. இருந்தாலும் தன் வாயால் அந்தப் பெயரை அவள் சொல்லமாட்டாள்.

இனி அந்த மணியின் கதை.

களஞ்சியத்தின் உயிரே குளிரறைதான். இன்சுலின், தடுப்பூசி, காயம்பட்டவர்களுக்குப் போடும் ஏற்பு ஊசி மருந்து எல்லாம் அதற்குள் இருக்கும். உள்ளே சூடு ஏறினால் வெளியே ஒரு பெரிய மணி அடிக்க வேண்டும். அதை அடிக்க வைப்பது ஒரு கம்பியூட்டர். அது எப்படி நடக்கிறது என்று றீற்றா எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். எந்தக் கம்பியூட்டரிலும் நடுவில் கேர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். இயந்திரத்தைத் தொட அதற்கு மட்டும்தான் அனுமதி. சூட்டுமானி, கரண்ட், ஜெனரேட்டர், இணைப்புக் கம்பிகள் என்று எல்லாச் சேதியும் முதலில் அதற்குத்தான் வரும். அதற்குக் கீழே, திரையில் முகம் காட்டாமல் எந்நேரமும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையாட்கள் உண்டு. அவர்களுக்கு டீமன் என்று பெயர்.

"பேயா?" என்று கேட்டேன்.

"பேய் எண்டால் எப்பவாவது ஆளைக் காட்டும் அக்கா. இது காட்டாது," என்று சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம்.

கேர்னல் சேதி சொல்லும், டீமன் கேட்டு மணி அடிக்கும். அந்த மணி டீமனை எழுதியவள் றீற்றாதான்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு மின்வெட்டின்போது அந்த மணி காரணமில்லாமல் அடித்தது. எங்கள் வாசலுக்கு எதிரே ஆமியின் காவல் சாவடி, சென்ட்ரி என்போம். துப்பாக்கியோடு ஓடி வந்தவர்கள் எங்கள் எல்லாரையும் சுவரோடு நிறுத்தினார்கள். மணியை வைத்தது யார் என்று அதட்டினார்கள். மனேஜர் திலகசிறி கையை நீட்டி றீற்றாவைக் காட்டினார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அவரும் சுவரோடுதான் நின்றார். அவளுடைய அட்டையைப் பார்த்ததும் ஆமிக்காரரின் குரல் மாறியது. தனி அறைக்குள் கூட்டிப்போய், இந்த மணி யாருக்குச் சைகை என்று பகல் சாப்பாடு வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்தபோது அவளுடைய பாவாடை நனைந்திருந்தது. அதை நான் கண்டேன். என் குடையை விரித்து அவளுக்குப் பின்னால் பிடித்தபடி கழிவறைக்குக் கூட்டிப்போனேன். மழை இல்லாத நாளில், கூரைக்குக் கீழே, குடை.

அதன் பிறகு அந்த மணி வீணாக அடித்ததே இல்லை. எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

வெசாக் கழிந்து வந்த பௌர்ணமி, போயா அன்று களஞ்சியத்துக்கு விடுமுறை. காவலாளி அழகமுத்து அண்ணன் மட்டும் இருந்தார். கம்பளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், பதினெட்டு வயதில் தோட்டத்தை விட்டு வந்தவர். அன்று காற்றும் மழையும். கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. ஜெனரேட்டர் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அந்தக் குழப்பத்தில் குளிரறை இயந்திரம் நின்றுவிட்டது.

மறுநாள் காலை கதவைத் திறந்தவள் நான்தான். எப்போதும் முகத்தில் குளிர் அறையும். அன்று ஒன்றும் அறையவில்லை. வெளியிலும் உள்ளேயும் ஒரே காற்று. பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தேன். மருந்து முழுவதும் பாழ். அதில் ஒரு பங்கு இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த ஏற்பு ஊசி மருந்து.

"மணி அடிக்கலீங்க. சத்தியமா அடிக்கல," என்றார் அழகமுத்து அண்ணன்.

திலகசிறி கம்பியூட்டரைப் பார்த்தார். மணி டீமன் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. தவறு என்று ஒரு வரிகூட இல்லை. பொலிஸ் வந்து அதே பச்சை விளக்கைப் பார்த்தது. கம்பியூட்டர் சரி என்கிறது, தமிழ்க் காவலாளி மணி அடிக்கவில்லை என்கிறான், கெட்டுப்போனது இராணுவத்து மருந்து. கணக்குப் போட அவர்களுக்கு நேரம் ஆகவில்லை. மணியின் கம்பியைக் கழற்றிவிட்டுப் பிறகு மாட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜீப்பில் ஏறும்போதும் அவர் அதையேதான் சொன்னார். மணி அடிக்கல.

அவருடைய மனைவி சுந்தரி தினமும் கம்பளையிலிருந்து சோற்றுப் பார்சலோடு பொலிஸுக்குப் போவாள். உள்ளே விடமாட்டார்கள். அந்தப் பார்சலோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, குசினி வாசலில் நின்றுகொண்டு றீற்றாவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"மிஸ், மணி அடிச்சிச்சா இல்லையான்னு கம்பியூட்டருக்குத் தெரியுமாமே. அதுகிட்ட கேட்டுச் சொல்லுங்க மிஸ். எங்க வீட்டாளு பொய் சொல்ற மனுசன் இல்லீங்க. கால்ல வேணும்னாலும் விழுறேன்."

விழுந்தும்விட்டாள். றீற்றா பதறிப் பின்னால் போய் அலுமாரியில் முட்டிக்கொண்டாள்.

"கேக்கிறன். நான் கேட்டுச் சொல்லுறன், எழும்புங்கோ," என்றாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லாரும் போன பிறகு அவளும் நானும் களஞ்சியத்தில் நின்றோம். முதலில் கேர்னலின் பக்கத்தைப் பார்த்தாள். போயா அன்று சூடு ஏறியது அதற்குத் தெரிந்திருக்கிறது, சேதியும் அனுப்பியிருக்கிறது. அப்படியானால் அனுப்பிய சேதி டீமனுக்குப் போய்ச் சேராமல் நடுவில் எங்கே தொலைந்தது? அதைக் கண்டுபிடிக்கப் போயா நாளைத் திரும்ப உண்டாக்க வேண்டும் என்றாள். டீமன் கேர்னலிடம் என்ன கேட்கிறது, என்ன பதில் வாங்குகிறது என்று ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டும்படி ஏற்பாடு செய்தாள். என்னை மின்பலகைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நிப்பாட்டுங்கோ... போடுங்கோ... திரும்ப நிப்பாட்டுங்கோ. கெதியாய், கெதியாய்."

நான் சுவிட்சுகளைத் தட்டித் தட்டிப் போட்டேன். என் கண் முழுவதும் வாசலுக்கு எதிரே இருந்த சென்ட்ரியில்தான். இதற்கு நடுவில் அவள் சூட்டுமானியின் முனையை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றினாள். இரண்டு பேரும் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மணி அடிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

திரும்பச் செய்தோம். அடிக்கவில்லை. அழகமுத்து அண்ணன் சொன்னது உண்மை என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், பயம்தான் வந்தது. றீற்றா திரையில் ஒரு வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த விரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"என்னா றீற்றா? என்னா கண்டீங்க?"

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். கேர்னல் சேதிகளை ஒரு தட்டில் வைக்கும், டீமன் எடுக்கும். தட்டில் இடம் கொஞ்சம். கரண்ட் வந்து போய் வந்து போனால் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் கத்தும், தட்டு நிரம்பிவிடும். கேர்னல் யாருக்காகவும் காத்திருக்காது. மிச்சத்தை எறிந்துவிட்டு, சில சேதிகள் தவறிவிட்டன என்று மட்டும் டீமனுக்கு ஒரு தகவல் கொடுக்கும். சூடு ஏறிய சேதி ஒரே ஒரு தரம்தான் வரும். அது தவறியவற்றில் போய்விட்டது.

"அப்ப இது மெஷினோட பிழைதானே?"

"இல்லை அக்கா. தவறிப்போச்சு எண்டு கேர்னல் சொன்னது. டீமனுக்குக் கேட்டது. கேட்டும் பேசாமல் இருந்தது." அவள் திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். "முதல் அப்பிடி இல்லை. முதல், தவறிப்போச்சு எண்டு கேட்டால் உடனே மணி அடிக்கும். என்ன எண்டு தெரியாட்டிலும் அடிக்கும். அதுதான் அண்டைக்கு வீணாய் அடிச்சது, ஆமி வந்தது. பிறகு நான்தான் அந்த வரியை மாத்தினனான். சந்தேகம் வந்தால் பேசாமல் இரு எண்டு எழுதி வைச்சனான்."

அவள் தன்னைப் போலவே ஒன்றைச் செய்து அந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். உயிரோடு இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும், பச்சை விளக்கு எரியும், வாய் மட்டும் திறக்காது. அவளை மட்டும் சொல்வானேன்? அந்த வருஷங்களில் கண்டியில் தமிழ் பேசிய நாங்கள் எல்லாரும் அந்த மாதிரிதான் இருந்தோம்.

"இதை வெளிய சொல்லாதீங்க," என்றேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. "மெஷின் பழுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"மெஷினுக்கு எழுதினது ஆரெண்டு கேப்பாங்கள். எப்பிடிச் சுத்தினாலும் என்னட்டைத்தான் வந்து நிக்கும். நான் சொல்லாட்டில் அந்த மனுசன் உள்ளுக்கையே கிடக்கும்."

"நீங்க போனா உங்களைப் பிடிப்பாங்க றீற்றா! யாழ்ப்பாணத்துப் பொண்ணு மணியை அடிக்காமப் பண்ணினாள்னா, ஏன்னு கேக்கவா போறாங்க? உங்க அம்மாவை நினைச்சுப் பாருங்க. தம்பியை நினைச்சுப் பாருங்க."

"அவனைத்தான் நினைக்கிறன்," என்றாள்.

கோபத்தில் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. சோறு போட்டு வைத்திருப்பது இதற்காகவா என்றுகூடச் சொல்லியிருப்பேன். அவள் கதிரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். பழைய வரியை எடுத்துவிட்டு, தவறியது என்று கேட்டால் எல்லாவற்றையும் கேர்னலிடம் முதலிலிருந்து திரும்பக் கேட்கும்படியும், பதில் வந்து சேரும்வரை மணியை அடிக்கும்படியும் மாற்றினாள். அதிக நேரம் ஆகவில்லை. எழுதி முடித்துவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, இப்ப நீங்கள் சுவிட்சைத் தட்டினால் இது அடிக்கும். அடிச்சால் அவங்கள் வருவாங்கள்."

"வேணாம். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"பயமாக் கிடக்கு அக்கா." பொத்தானை அழுத்தினாள். "நீங்கள் பின் கதவால போங்கோ. சுவிட்சை நானே தட்டுறன்."

போகலாம் என்றுதான் நினைத்தேன். பின் கதவு வரை போனேன். அங்கிருந்து பார்த்தால், அவள் மின்பலகைக்கு முன்னால் நின்று கையை உயர்த்துகிறாள், கை சுவிட்சுக்குப் போகாமல் காற்றில் நிற்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திரும்பி வந்து அவளை இடித்துத் தள்ளிவிட்டு நானே தட்டினேன்.

மணி அடித்தது. அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். காது அடைத்தது. எதிரே சென்ட்ரியில் ஒருவன் எழும்புவதும், மற்றவன் தொப்பியைப் போடுவதும் ஜன்னல் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பூட்ஸ் சத்தம் படியேறியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். றீற்றா நடுத்தளத்தில் நின்றாள். அவர்கள் கேட்கும்முன், தன் தம்பி பேசியது போலச் சிங்களத்தில் சொன்னாள். "இந்த மணியை அடிக்க வைத்தது நான். போயா அன்று அடிக்காமல் வைத்திருந்ததும் நான். காவலாளி சொன்னது உண்மை. என்னைப் பொலிஸுக்குக் கூட்டிப்போங்கள்."

பொலிஸில் இன்ஸ்பெக்டர் ஒருவர் கம்பியூட்டர் தெரிந்த ஆளை வரவழைத்துக் களஞ்சியத்தில் எல்லாவற்றையும் திரும்பச் செய்து காட்டச் சொன்னார். பழைய வரியோடு மணி அடிக்கவில்லை. புதிய வரியோடு அடித்தது. வந்தவர் றீற்றாவின் முகத்தைப் பார்க்காமல், இந்தப் பெண் சொல்வது சரி என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் அழகமுத்து அண்ணனை விட்டார்கள். அவர் பொலிஸ் வாசலில் நின்று, "மிஸ் எங்க?" என்று கேட்டார். சுந்தரிதான் அழுதுகொண்டே உள்ளே கையைக் காட்டினாள்.

றீற்றாவை விடவில்லை. ஆமிக்குப் பயந்து மாற்றினேன் என்று அவள் சொன்னதற்கு, பயப்பட உனக்கு என்ன காரணம் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்களாம். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. எங்கள் வீட்டையும் வந்து கிளறிப்போட்டார்கள். ஜீப் சத்தம் கேட்டாலே எனக்கு வயிற்றோட்டம் வரும் என்ற அளவுக்கு ஆகிவிட்டது. இருந்தாலும் பார்க்க விட்ட நாட்களில் நானும் சுந்தரியும் மாறி மாறிப் போனோம். கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவோம். நடுவில் ஒரு காவல்காரி நிற்கும்போது என்ன பேசுவது?

போர் முடிந்தது என்றார்கள். வெற்றியைக் கொண்டாடித் தெருவில் பாற்சோறு கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள், வாங்கிச் சாப்பிட்டேன். வாங்காமல் இருக்கப் பயம். அதற்கும் பல மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில், ஆதாரம் இல்லை என்று சொல்லி அவளை விட்டார்கள். நான் முச்சக்கரவண்டியோடு போய் நின்றேன். தலையில் நரை ஏறியிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இராஜி அக்கா, மணி அடிச்சதோ?"

"அடிச்சிச்சு. ரெண்டு மூணு தடவை கரண்ட் போனப்போ சும்மா அடிச்சிச்சு. ஒரு தடவை நெசமாவே இயந்திரம் நின்னுபோச்சு, அழகமுத்து அண்ணன் ஓடிப்போய் ஆளைக் கூப்பிட்டாரு. ஒரு மருந்தும் கெடல."

"ஆமிக்காரர் வந்தவையோ?"

"ஒவ்வொரு தடவையும் வந்தாங்க."

"ஆர் போய்க் கதைச்சது?"

"நான்தான். வேற யாரு இருக்கா? சந்தேகம் வந்தா அடிக்கும், அப்படித்தான் எழுதி வச்சிருக்குன்னு சொன்னேன். யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன். பொட்டைக்கூட அழிக்க நேரம் இல்லாம ஓடினேன், அப்படியே நின்னுதான் சொன்னேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கை ஐஸ் மாதிரி இருந்தது.

போர்தான் முடிந்தது, பாலத்தடிச் சென்ட்ரி அப்படியே நின்றது. வண்டியை மறித்தார்கள். மீசை முளைக்காத ஒரு பையன் தலையை உள்ளே நீட்டி, எந்த ஊர் என்று கேட்டான். நான் முந்திக்கொண்டு "குண்டசாலை" என்றேன். அவன் றீற்றாவைப் பார்த்தான். அவளுடைய விரல்கள் என் விரல்களை நெரித்தன. வழக்கம்போல அவளும் அதையே சொல்லட்டும், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று நான் எல்லாக் கடவுளையும் வேண்டினேன்.

"யாழ்ப்பாணம்," என்றாள் றீற்றா.